கழிவு

எட்டேகாலாகியும் பனி
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறது
பிந்தி வந்த பிள்ளை மாதிரி.
வாசலில் பதினாலு சோடிச் செருப்பு,
ஒன்றில் அட்டை.
உப்புப் போத்தல் என் மேசையிலேயே இருக்கும்
வெண்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில்.

திங்கள் நிறம். செவ்வாய் எண்.
மஸ்கெலியா டவுன் கடைக்காரர்
சேர்த்துத் தந்த சோடா மூடிகளைப்
பாயில் கொட்டினேன்.
ஹன்சிகா கோபுரம் கட்டினாள்.
டிலோஜன் ஒன்றை வாயில் போட்டான், எடுத்தேன்,
இன்னொன்றைப் போட்டான்.
தர்மினி எண்ணவே மாட்டேன் என்று
என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள்.

யதுர்ஷன் மட்டும் சுவரோரம்
எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
இருபது மூடி எண்ணினான், பிழையில்லாமல்.
எண்ணி முடித்து
மூன்றைத் தள்ளி வைத்தான்.
ஏன் என்றேன்.
"சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு."
மிச்சத்தைத் தொட்டுத் தொட்டுப் போய்ப்
பதினேழில் விரல் நின்றது.
கணக்கப்பிள்ளையின் அதே தொண்டையில் சொன்னான்:
"அரைப் பேரு. அடுத்த ஆளு வா."

தவணை அறிக்கையில்
'பத்து வரை எண்ணுவார்' என்று ஒரு கட்டம் உண்டு.
கழித்தலுக்குக் கட்டம் இல்லை.
நாலு வயதுக்குக் கழித்தல் வராது என்றுதான்
பயிற்சியில் சொன்னார்கள்.
அவர்கள் யாரும் சாயங்காலத்தில்
தராசுக் கொக்கிக்குக் கீழே
அம்மாவின் படங்கைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

புஷ்பலீலா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.
அவளுக்குக் குரலில்தான் செய்தி.
பத்தரைக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்,
ஒரு கோடு சிக்னல் வருகிற கல்லில் ஏறி நின்று
வழக்கம்போலத் தொடங்கினேன்:
"பயப்படாதீங்க அக்கா, காய்ச்சல் எல்லாம் இல்ல."
பிள்ளைக்கு ஒன்று என்றால்தான்
டீச்சர் பேசுவாள் என்று பழகிய மலை இது.
"இருவது வரைக்கும் எண்ணுறான்.
திரிபோஷ உருண்டை ரெண்டு தின்னான்.
மழைக்கோட்டை மறந்துட்டுப் போனீங்க."
அரைப் பேரைச் சொல்லவில்லை.
நானும் கொஞ்சம் கழித்துக்கொண்டேன்.

ஆறாம் நம்பர் மலையில் டவர் பிடிக்காது.
ஒற்றைச் சரி,
பகல் முழுக்க ஒற்றைச் சரி.
பிள்ளைகள் தூங்கினார்கள், விழித்தார்கள்,
ஹன்சிகாவின் கோபுரம் விழுந்து அழுகை வந்து
அழுகைக்கு ஒரு பாட்டு வந்தது.

நாலு ஐம்பதுக்குப் பதில், பதினோரு வினாடி.
பின்னால் யாரோ நம்பர் கூப்பிடுகிறார்கள்,
இரும்புச் சங்கிலி குலுங்குகிறது.
"எண்ணுறது மட்டுமா டீச்சர்,
கழிப்பானே, காட்டலியா?"
சிரிக்கிறாள். மூச்சு வாங்குகிறது.
"இன்னைக்கு இருவத்தி மூணு. அவன்கிட்ட சொல்..."
அங்கே அறுந்தது.

புதன் சித்திரம்.
எல்லோரும் தாளில் குனிந்திருக்க
இவன் மூடி டப்பாவைத் தானே இறக்கினான்.
நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை,
லயத்தில் ராத்திரியே சேதி போய்விட்டது.
இருபத்து மூன்று வைத்தான்.
மூன்றைத் தள்ளினான்.
பதினெட்டைக் குவித்து, "முழுப் பேரு."
மிஞ்சிய இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்,
"மேல் கிலோ" என்றான்,
கால்சட்டைப் பைக்குள் போட்டான்.
தா என்றேன்.
"அது அம்மாவோடது."
வெளியே மழை பிடித்துக்கொண்டது.
நான் சித்திரங்களைச் சேர்க்கப் போனேன்.
தர்மினி தாள் முழுக்க நீலக்கோடு இழுத்திருந்தாள்,
வீடு எங்கே என்றதற்கு
உள்ளே இருக்கு, நனையுது என்றாள்.

ராத்திரி ஒன்பதுக்கு இன்னொரு குரல்:
"டீச்சர், தொவைக்கப் போட்டதுல ரெண்டு மூடி கெடந்திச்சி.
பள்ளிக்கூடத்துதுதானே? காலையில குடுத்து விடுறேன்."

காலையில் ஒன்றுதான் வந்தது.

கேட்கவில்லை.
அறிக்கையை எடுத்தேன்.
'பொருட்களை எடுத்த இடத்தில் திருப்பி வைப்பார்:
ஆம், இல்லை, சில வேளை.'
சில வேளை என்பதற்கு நேரே
ஒரு சரி போட்டேன்,
ஒற்றைச் சரி.